மதியம் 2 மணிக்கும் ஸ்டக் ஆகாத வேகம்: கையடக்க கேம் கருவியை ஓவர்க்ளொக் செய்யும் முறை

கனடாவிலிருந்து வந்த மாமா தம்பிக்குக் கொண்டுவந்து கொடுத்தது ஒரு மியூ மினி. 2.8 அங்குலத் திரை, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சூப்பர் நின்டெண்டோ, பிளேஸ்டேஷன் 1 காலத்துக் கேம்களுக்கு நல்ல சாமான். ஆனால் சில கேம்கள் மட்டும் இழுத்து இழுத்து ஓடின. இணையத்தில் தேடினேன். சிப்பின் வேகத்தை 1600 மெகாஹேர்ட்ஸில் வைக்கலாம் என்று யாரோ எழுதியிருந்தார். நானும் வைத்தேன். இரவு முழுக்க அருமையாக ஓடியது. அடுத்த நாள் மதியம், தகரக் கூரைக்குக் கீழே தம்பி விளையாடிக்கொண்டிருந்தபோது அப்படியே ஸ்டக் ஆகிவிட்டது. ஒரு கிழமையாக அவன் விளையாடிச் சேர்த்திருந்த சேவ் கோப்பும் அதோடு போனது. இரண்டு நாள் அவன் என்னோடு கதைக்கவில்லை.

பிழை என்னுடையதுதான். குளிர்நாட்டில் ஒருவர் கண்டுபிடித்த எண்ணை, கிளிநொச்சியில் சிறுபோகம் வெட்டும் காலத்து வெயிலில் போட்டுப் பார்த்தேன். உங்கள் கருவிக்கான எண்ணை உங்கள் வீட்டில், உங்கள் மதியத்தில்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான வழி இது.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

மியூ மினியில் இருப்பது இரண்டு கோர் கோர்டெக்ஸ் ஏ7 சிப். அதன் வழமையான வேகம் 1200 மெகாஹேர்ட்ஸ். ஓவர்க்ளொக் என்றால் அந்த வேகத்தை மென்பொருளால் கூட்டுவது. தோட்டத்தில் தண்ணி இறைக்கிற மெஷினின் விசையைக் கூட்டினால் தண்ணி கூடப் பாயும், மெஷினும் கூடச் சுடும். இதுவும் அப்படித்தான்.

எவ்வளவு சுடும்? 1200-இலிருந்து 1500-க்குப் போனால் வேகம் 25 வீதம் கூடுகிறது. ஆனால் சிப்பின் மின்செலவு, வேகத்தை மின்னழுத்தத்தின் வர்க்கத்தால் பெருக்கிய அளவில் ஏறும். கூடிய வேகத்துக்காக மின்னழுத்தத்தையும் 10 வீதம் கூட்ட நேர்ந்தால் 1.25 × 1.21, அதாவது ஏறத்தாழ 50 வீதம் கூடுதல் சூடு. கால் பங்கு வேகத்துக்கு அரைப் பங்கு சூடு. இந்தக் கருவியில் காற்றாடியும் இல்லை. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் வந்த இரண்டு சிப்புகள்கூட ஒரே வேகத்தைத் தாங்கா என்பதையும் மனதில் வையுங்கள்.

படி 1: மெமரி காட்டை நகல் எடுங்கள்

காட்டைக் கழற்றிக் கணினியில் போட்டு, எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டருக்குள் பிரதி எடுங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள். ரெட்ரோஆர்ச் போன்ற எமுலேட்டர்கள், அதாவது பழைய கேம் கருவிகளைப் போல நடித்து அவற்றின் கேம்களை ஓட்டும் மென்பொருள்கள், கேமுக்குள் நாம் செய்யும் சேவ் பதிவை வழமையாக, கேமை ஒழுங்காக மூடும்போதுதான் காட்டில் எழுதும். நடுவில் ஸ்டக் ஆனால் அன்றைய சேவ் போய்விடும். எழுதிக்கொண்டிருக்கும்போதே கருவி நின்றால் கோப்பே கெட்டுவிடும். அமைப்புகளில் சேவ் பதிவை இடைக்கிடை தானாக எழுதவைக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிடுங்கள்.

படி 2: உங்களுக்கு எவ்வளவு தேவை என்று பாருங்கள்

எமுலேட்டரில் ஃப்ரேம் எண்ணிக்கையை, அதாவது ஒரு செக்கனுக்கு எத்தனை படம் ஓடுகிறது என்பதை, திரையில் காட்டும் வசதியைப் போடுங்கள். வழமையான வேகத்திலேயே 60 அசையாமல் நின்றால் அந்தக் கேமுக்கு ஓவர்க்ளொக் தேவையே இல்லை. 52, 53 என்று விழுந்தால் கணக்குப் போடலாம்: 1200-ஐ 60-ஆல் பெருக்கி 53-ஆல் வகுத்தால் சுமார் 1360. அதற்கு மேல் ஏற்றிப் பற்றரியைச் சாப்பிடவைத்து என்ன பலன்? சூப்பர் நின்டெண்டோவில், கேசட்டுக்குள்ளேயே சூப்பர் எஃப்எக்ஸ் என்ற கூடுதல் சிப் வைத்து வந்த கேம்கள்தான் பெரும்பாலும் இழுக்கும். யோஷிஸ் ஐலண்ட் அதில் ஒன்று. சோதனைக்கும் அதுவே நல்லது.

படி 3: ஏற்றுங்கள்

ஓனியன் போன்ற மாற்று மென்பொருள்களில் வேகத்தை மாற்ற இடம் இருக்கிறது. எந்தப் பட்டன் என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறும், அதன் விளக்கக் கோப்பைப் பாருங்கள். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: கருவி திறக்கும்போதே புதிய வேகத்தில் தொடங்கும்படி வைக்க வேண்டாம். அப்போதுதான் ஸ்டக் ஆனாலும் நிறுத்தித் திறந்தவுடன் பழைய 1200-க்கு வந்துவிடும்.

முதலில் 100 மெகாஹேர்ட்ஸாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் 10 நிமிடம் போதும். அந்தப் 10 நிமிடமும் ஃபாஸ்ட் ஃபோர்வேட்டைப் போட்டுவிடுங்கள். சாதாரண ஓட்டத்தில் எமுலேட்டர் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இடையில் காத்திருக்கும், சிப்புக்குக் கொஞ்சம் மூச்சு கிடைக்கும். ஃபாஸ்ட் ஃபோர்வேட்டில் அந்த ஓய்வு கிடையாது. எங்காவது விழுந்தால், கடைசியாகத் தாங்கிய படிக்கு இறங்கி, அங்கிருந்து 25, 25 ஆக ஏறுங்கள்.

விழுவது என்றால் என்ன? படம் உறைவது, தானாக அணைந்து திறப்பது, திரையில் நிறக் கட்டங்கள் சிதறுவது, கேம் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்வது. சத்தம் கரகரப்பது வேறு கதை. அது பெரும்பாலும் வேகம் காணாததால் வருவது, ஏற்றினால் சரியாகும். இரண்டையும் குழப்பிக்கொண்டு நான் ஒரு பின்னேரத்தையே வீணாக்கினேன்.

இன்னொன்று: 15, 20 நிமிடம் நன்றாக ஓடிவிட்டுத் திடீரென்று ஃப்ரேம் எண்ணிக்கை சரிந்தால், சூடு தாங்காமல் வேகம் தானாகக் குறைக்கப்படுகிறதா என்று பாருங்கள். பல சிப்புகள் அப்படிச் செய்யும். அதற்கு மேல் ஏற்றினால் எண் மட்டும்தான் கூடும்.

படி 4: மதியச் சோதனை

இதுதான் முக்கியமான படி. இரவில் கிடைத்த எண்ணை வைத்துக்கொண்டு, மதியம் 1 மணிக்கும் 3 மணிக்கும் இடையில், நீங்கள் வழமையாக விளையாடும் இடத்திலேயே ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், கரண்ட் போனால் எப்படியும் நிற்கத்தானே போகிறது. சோளகம் அடிக்கிற நாளில் வேப்பமரத்துக்குக் கீழே இருந்து சோதித்துவிட்டு வீட்டுக்குள் போய் விளையாடினால் ஏமாந்துபோவீர்கள். சார்ஜில் போட்டபடி சோதிக்க வேண்டாம். பற்றரியும் சுடும், எது எதைச் சுட்டது என்று தெரியாது.

பற்றரி 20 வீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகு இன்னொரு 20 நிமிடம். லித்தியம் பற்றரி இறங்க இறங்க அதன் மின்னழுத்தமும் குறையும். முழுச் சார்ஜில் தாங்கிய வேகம் அப்போது தாங்காமல் போகலாம்.

என் கருவி இரவில் 1600 தாங்கியது. மதியத்தில் 1500-இலேயே 35-ஆம் நிமிடத்தில் உறைந்தது. 1475-இல் ஒரு மணி நேரம் ஓடியது, ஆனால் பற்றரி இறங்கியதும் அணைந்துவிட்டது. 1450-இல் இரண்டு சோதனையிலும் ஒன்றும் ஆகவில்லை.

படி 5: ஒரு படி இறங்கி நில்லுங்கள்

தாங்கிய எண்ணிலிருந்து இன்னும் 25 குறைத்து அதை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு 1425. முடிந்தால் இழுக்கிற கேம்களுக்கு மட்டும் இந்த வேகத்தைக் கொடுங்கள், மற்றவை 1200-இலேயே ஓடட்டும்.

கார்த்திகை மாதம் மழை பிடித்த பிறகு அதே மதியச் சோதனையைத் திரும்பவும் செய்தேன். 1525 வரை தாங்கியது. இப்போது கருவியின் பின்பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கிறது: வெயில் 1425, மாரி 1500. தம்பி அதற்குக் கீழே தன் கையெழுத்தில், "சேவ் எடுத்தாச்சா அண்ணா?" என்று எழுதி வைத்திருக்கிறான்.