உச்சி வெயிலில் கொழும்புச் சிலைகள்: படம் பிடிக்கப் போகிறவர்களுக்கு

சிலைகளைப் படமெடுக்க விடியவே போங்கள் என்று எவரும் சொல்லிவிடலாம். வெளிநாட்டிலிருந்து வந்து வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் தங்கினால் நடப்பது வேறு. இடியப்பம் சாப்பிட்டு, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, ஓட்டோ பிடித்துக் காலி வீதி நெரிசலைத் தாண்டிக் கொச்சிக்கடையில் இறங்கும்போது சூரியன் தலைக்கு மேல் நிற்கும். அந்த நேரத்துக்கு உதவுகிற விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் மத்தியானச் சூரியன் ஆண்டு முழுக்கத் தெற்கில்தான். கொழும்பு வட அகலாங்கு 7 பாகைக்குக் கிட்ட இருப்பதால் ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் அது நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில், அதாவது பள்ளி விடுமுறைக்கு நம்மவர்கள் வரும் ஜூலை, ஓகஸ்டில், உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். டிசம்பர் கடைசியில் தெற்கே 30 பாகை சரிந்துவிடும். லண்டனில் ஜூன் மாதத்து மத்தியானச் சூரியனும் ஏறக்குறைய அதே உயரம்தான். ஆகவே ஓகஸ்டில் வடக்குப் பார்த்த சுவரையும் கிறிஸ்மஸ் காலத்தில் தெற்குப் பார்த்த சுவரையும் தேடுங்கள். இரண்டில் டிசம்பர்தான் வசதி.

உச்சி வெயில் முகத்துக்கு ஆகாது. புருவத்தின் கீழ் கண் இரண்டும் கறுத்துக் குழியாகிவிடும், மூக்கின் நிழல் உதட்டில் விழும். ஆனால் சுவரிலும் தூணிலும் செதுக்கிய புடைப்புச் சிற்பத்துக்கு இதே வெயில் அருமையானது. கல்லை உரசிக்கொண்டு மேலிருந்து இறங்குவதால் உளி போன ஒவ்வொரு கோடும் எழும்பித் தெரியும். மத்தியானத்தில் முகங்களை விட்டுவிட்டுக் கல்வேலையைப் பிடியுங்கள் என்பதுதான் என் கட்சி.

அதற்குக் கொழும்பில் முதலிடம் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயில். தகப்பனார் பொன்னம்பல முதலியார் கட்டிய கோயிலை, சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லிலே திருப்பிக் கட்டுவித்தார். கருங்கல் கமெராவை ஏமாற்றும். இருட்டாக இருக்கிறதென்று நினைத்து அது வெளிச்சத்தைக் கூட்ட, கல் சாம்பலாகி வானம் வெளுத்துப்போகும். ஒரு ஸ்டொப், அதாவது வெளிச்சத்தில் பாதி, குறையுங்கள். போனில் என்றால் கல்லின்மேல் விரலை அழுத்திப் பூட்டிவிட்டு, கல் கல்லாகக் கறுத்துத் தெரியும்வரை கீழே இழுங்கள். கையால் அமைப்பவர்கள் ஐ.எஸ்.ஓ. 100, துளை எஃப் 8, ஷட்டர் 1/400 என்று தொடங்கலாம். நல்ல வெயிலில் அது அதிகம் பிழையாகாது.

இன்னொன்று, மத்தியானப் பூசை முடிந்தால் கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள், பின்னேரம்தான் திறப்பார்கள். உள்ளே படமெடுக்கலாமா என்று ஐயரிடமோ அலுவலகத்திலோ கேளுங்கள், மூலஸ்தானத்தின் பக்கம் கமெராவைத் திருப்பவே வேண்டாம். செருப்பில்லாத காலைக் கல் பொசுக்கும், அதனால் நிழல் விழும் ஓரமாகவே சுற்றுங்கள்.

வண்ணம் தீட்டிய சுதைச் சிற்பக் கோபுரங்களுக்கு, லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் கண்ணாடி உதவும். திருப்பினால் பெயின்ற் பளபளப்பு அடங்கி நிறம் திரும்பும். விகாரமகாதேவிப் பூங்காவில் நகர மண்டபத்தைப் பார்த்தபடி இருக்கும் பொன்னிறப் புத்தருக்கு அந்த வித்தை பெரிதாகப் பலிக்காது. அங்கே ஒரு முகில் மறைக்கும்வரை காத்திருப்பதே வழி. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அதற்குக் கனநேரம் ஆகாது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த, பேரே வாவியின் நடுவே இருக்கும் சீமமாலக பௌத்த ஆலயத்தில் வாவித் தண்ணீர் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பதால் தாடை நிழல் கொஞ்சம் இளகும். சுதந்திர சதுக்கத்தில் மண்டபத்தைச் சுற்றி இருக்கும் சிங்கங்களை எவரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. குந்தியிருந்து பக்கவாட்டில் எடுங்கள். பிடரி மயிரின் வரிகள் மத்தியானத்தில்தான் நன்றாகத் தெரியும். களைத்தால் மண்டபத்து நிழலில் உட்காரலாம்.

புத்தர் சிலைக்கு முதுகு காட்டிச் செல்ஃபி எடுக்காதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். 2012இல் புத்தர் சிலையை முத்தமிடுவதுபோல் படமெடுத்த பிரெஞ்சுப் பயணிகள் 3 பேருக்குக் காலியில் ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தது. கொச்சிக்கடை துறைமுகத்துக்குப் பக்கம், காலிமுகத்திடல் சனாதிபதி செயலகத்துக்குப் பக்கம். காவலரணும் சீருடைக்காரரும் படத்துக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ட்ரோனை அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது, வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.