ஏர் பிஸ்டலுக்கு வேகம் கூட்டப் போய்ச் செய்யும் தவறுகள்

பாம்பன், மண்டபம் பக்கம் ஏர் பிஸ்டல், அதாவது காற்றழுத்தத்தால் சின்ன ஈயக் குண்டைச் சுடும் கைத்துப்பாக்கி, வைத்திருப்பவர்கள் கொஞ்ச நாளிலேயே சொல்ல ஆரம்பிக்கும் குறை, "முன்ன மாதிரி வேகம் இல்ல" என்பது. உடனே பெரிய ஸ்பிரிங் போடலாமா, லேத் பட்டறையில் கொடுத்துப் பார்க்கலாமா என்று யோசனை ஓடுகிறது. வேகம் ஏன் குறைந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. முதல் தவறு அதுதான்.

நம் கரையில் உப்புக்காற்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஸ்பிரிங்கில் துரு பிடிக்கும். பேரலுக்குள், அதாவது குண்டு போகும் குழாய்க்குள், துருவோடு ஈயப் பொடியும் சேர்ந்து அடைக்கும். ஸ்பிரிங் தள்ளிக் காற்றை அழுத்துவது பிஸ்டன்; அதன் ஓரத்தை அடைக்கும் சீல் தேய்ந்தாலோ காய்ந்தாலோ காற்று கசியும். பெல்லட்டையும், அதாவது அந்த ஈயக் குண்டையும், பாருங்கள். அதன் பின்பக்க ஓரம் மெல்லிய ஈயம், டப்பாவோடு பைக்குள் உருண்டாலே நெளிந்துவிடும். நெளிந்த பெல்லட்டைச் சுற்றிக் காற்று வெளியேறினால் எந்த ஸ்பிரிங்கும் உதவாது. பேரலைத் துடைத்து, நல்ல பெல்லட் போட்டு, சீலை விஷயம் தெரிந்த மெக்கானிக்கிடம் மாற்றினாலே பல பிஸ்டல்கள் பழைய நிலைக்கு வந்துவிடும். உறைக்குள்ளேயே பூட்டி வைக்காதீர்கள். ஈரம் அங்கேதான் தங்கும்.

அடுத்தது எண்ணெய். துருவுக்குப் பயந்து தேங்காய் எண்ணெயோ மிஷின் எண்ணெயோ காற்று அறைக்குள் விடுகிறார்கள். பிஸ்டன் அழுத்தும்போது அங்கே உண்டாகும் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்ளும். பெரிய சத்தமும் புகையும் வரும், வேகமும் கூடினாற்போலத் தெரியும். அந்த வெடிப்புதான் சீலைக் கருக்கி, ஸ்பிரிங்கை முறிக்கிறது. எண்ணெய் வெளி உலோகத்துக்கு மட்டும், அதுவும் துணியில் தொட்டு மெல்லிசாக. பெல்லட் இல்லாமல் சுட்டுப் பார்க்கவும் கூடாது. பிஸ்டனைத் தாங்கிப் பிடிக்க அதன் முன்னால் காற்றழுத்தம் இருக்காது, அது நேராகப் போய் மோதும்.

பெரிய ஸ்பிரிங் போட்டால் என்ன ஆகும்? உதைப்பு கூடி, குறி சிதறும். டிரிகரின் கொக்கி அந்தச் சுமைக்காகச் செய்யப்பட்டதல்ல. அது தேய்ந்தால் கை படாமலேயே சுடும். வீட்டில் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் இதைவிடப் பயங்கரம் வேறு இல்லை.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் போடும் வகையில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. சூடு ஏறினால் உள்ளே அழுத்தமும் ஏறும் என்பது தெரிந்து, வேண்டுமென்றே வெயிலில் காய வைக்கிறார்கள். நம் ஊர் வெயிலில் நிற்கும் காருக்குள் சிலிண்டரை விட்டுவிட்டுப் போவதே தப்பு. போட்டிக்கு உரிய பிஸ்டல்களில் காற்று ஏறத்தாழ 200 பார் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கு) அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். அதன் வால்வில் வீட்டு ஸ்பேனர் படவே கூடாது.

இவ்வளவும் எதற்காக? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்ற 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் பெல்லட்டின் எடை சுமார் அரை கிராம். அது வினாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போகிறது என்றால் சக்தி 6 ஜூல்கூட வராது. குறி வைக்கும் பத்தாம் வளையம் 11.5 மில்லிமீட்டர்தான். கையும் டிரிகர் விரலும் அசையாமல் இருப்பதுதான் அங்கே புள்ளி வாங்கித் தருகிறது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மேல் சக்தியோ, 4.5 மில்லிமீட்டருக்கு மேல் துளையோ இருந்தால் ஏர் ஆயுதத்துக்கும் உரிமம் வேண்டும். கருவாடு காயும் இடத்தில் பருந்தையும் கடற்காக்கையையும் விரட்டத்தான் வேகம் வேண்டும் என்பவர்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அவற்றைச் சுடுவது வேட்டையாகும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேலே வலை கட்டினால் போதும்.

வீட்டில் பழகுபவர்கள் சுவரையோ தகரத்தையோ பனஞ்சட்டத்தையோ பார்த்துச் சுடாதீர்கள், குண்டு திரும்பி வரும். மணல் நிரப்பிய சாக்கை வைத்து, அதன் முன்னால் காகிதக் குறியைக் குத்துங்கள். சுடுபவரும் பக்கத்தில் நிற்பவரும் கண்ணாடி போட வேண்டும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டைத் தொட வேண்டும், பெல்லட் ஈயம்.