கீரை சமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறைந்த செலவில் வீட்டில் உள்ள அனைவருக்கும் தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டுமென்றால் கீரையைச் சமையுங்கள் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். சொன்னதோடு நிற்காமல், அவர்கள் சமைத்ததைச் சாப்பிடவும் வேண்டி வந்தது. புதிதாகக் கரண்டி பிடித்தவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தவறுகிறார்கள். தொடக்கத்தில் நானும் அதே இடங்களில் தவறியவன் என்பதால், தட்டைப் பார்த்தவுடனேயே அடுப்பில் என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துவிடுகிறது. மண் போகக் கழுவ வேண்டும், பழுத்த இலையையும் பூச்சி அரித்த இலையையும் நீக்க வேண்டும் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, தெரியாமல் செய்யும் தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

குவியலைப் பார்த்து உப்புப் போடுவது

ஆய்ந்து நறுக்கிய கீரை வாணலி நிறைய மலைபோல் நிற்கும். அதைப் பார்த்து மனம் ஓர் அளவு போடும். கையும் அந்த அளவுக்கு உப்பை அள்ளும். ஐந்தே நிமிடத்தில் அந்த மலை சுண்டி இரண்டு கைப்பிடியாகிவிடும், ஆனால் போட்ட உப்பு போட்டபடியே இருக்கும். குழம்பில் உப்புக் கூடினால் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கலாம்; பொரியலில் கூடிவிட்டால் தேங்காயை அள்ளிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை, அதுவும் அரைகுறையாகத்தான் உதவும். எனவே கீரை முழுவதும் வதங்கி அடங்கிய பிறகு, கண்முன் இருக்கும் அளவைப் பார்த்து உப்பிடுங்கள். கீரையில் இயற்கையாகவே சிறிது உப்புச்சுவை இருப்பதால், நினைத்ததைவிடக் கொஞ்சம் குறைத்தே போடலாம்.

தண்ணீர் ஊற்றி வேகவைத்து, வடித்துக் கொட்டுவது

மற்றத் தவறுகளை எல்லாம் பொறுத்துக்கொள்வேன். இதை மட்டும் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் கீரையின் சுவை, சத்து, வாங்கிய காசு ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் சாக்கடைக்குப் போவது இதில்தான்.

தனியாக அறை எடுத்துத் தங்கிச் சமைக்கத் தொடங்கியிருந்த உறவுக்காரப் பையன் ஒருவன் ஒருநாள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டான். மூன்று கட்டு அரைக்கீரையைப் பொறுமையாக ஆய்ந்து, சுத்தமாகக் கழுவி, பொடியாக நறுக்கி வைத்திருந்தான். அதுவரை குறை சொல்ல எதுவும் இல்லை. பிறகு அதை ஒரு பாத்திரத்தில் போட்டு, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, தட்டுப் போட்டு மூடி, வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டான். திரும்பி வந்து திறந்தபோது தண்ணீர் கரும்பச்சையாக இருந்தது. அத்தனையையும் வடித்து ஊற்றிவிட்டுக் கீரையைக் கையால் உருண்டையாகப் பிழிந்தான். தாளித்துப் புரட்டிய பிறகு வாயில் வைத்தால் வைக்கோலாக இருந்தது. அதற்குச் சுவை ஏற்ற இன்னொரு வெங்காயம், இன்னும் இரண்டு மிளகாய், அரை மூடித் தேங்காய் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனான். கடைசியில், மலிவு என்று வாங்கிய கீரைக்குச் சேர்த்த பொருள்களே கீரையைவிட அதிகச் செலவு வைத்தன. இவ்வளவும் செய்துவிட்டு, “கீரையில் என்ன இருக்கிறது மாமா, சப்பென்றுதானே இருக்கும்” என்று அவன் சொன்னதுதான் என்னால் தாங்க முடியாதது. இருந்த சுவையை வடித்து ஊற்றியவன் அவன். பழி கீரைமேல் விழுந்தது.

அவனை மட்டும் குறை சொல்வதற்கில்லை. எந்தச் சமையல் குறிப்பை எடுத்தாலும் “தேவையான அளவு தண்ணீர் விட்டு வேகவைக்கவும்” என்று ஒரு வரி இருக்கிறது. எவ்வளவு தேவை என்று தெரியாதவர்தான் குறிப்பைப் பார்த்துச் சமைக்கிறார் என்பது எழுதியவருக்குத் தோன்றுவதே இல்லை.

பொரியலுக்குத் தேவையான தண்ணீர் கீரையிலேயே இருக்கிறது. அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை போன்றவற்றின் எடையில் 90 சதவீதத்தை ஒட்டித் தண்ணீர்தான். சூடு பட்டதும் இலையின் செல்கள் தளர்ந்து அந்த நீரை வெளியே விடும். இலை அந்த நீரிலேயே வெந்து, அந்த நீரையே மறுபடி தன்மேல் சுண்ட வைத்துக்கொள்ளும். நாம் வெளியிலிருந்து ஊற்றும் தண்ணீர் இந்த வேலையைக் கெடுக்கிறது. வைட்டமின் சி, ஃபோலேட் போன்றவை தண்ணீரில் கரைபவை. தண்ணீர் கூடுவதற்கும் கொதிக்கும் நேரம் நீள்வதற்கும் ஏற்ப அவை இலையை விட்டு இறங்கிவிடும். இலையின் மணமும் இனிப்பும் இறங்குவதும் அதே தண்ணீரில்தான். அதை வடித்துவிட்டால் மிஞ்சுவது நார் மட்டுமே.

மூடி போடுவதும் இந்தத் தவறின் இன்னொரு பாதி. இலைப் பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசிய அணு இருக்கிறது. கீரை வேகும்போது அதிலிருந்தே வெளிவரும் அமிலம் அந்த மக்னீசியத்தைப் பெயர்த்துவிட்டால் பளிச்சென்ற பச்சை மங்கி, பாசி பிடித்தாற்போன்ற பழுப்பு நிறம் வந்துவிடும். மூடாமல் வைத்தால் அமிலத்தின் ஒரு பகுதி முதல் சில நிமிடங்களில் ஆவியோடு போய்விடும். மூடினால் தட்டில் முத்து முத்தாகச் சேர்ந்து மறுபடி கீரைமேலேயே சொட்டும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கழுவிய கீரையைச் சல்லடைத் தட்டில் சாய்த்து, நீர் நன்றாக வடியும்வரை விட்டுவிடுங்கள். குறுகிய பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு வாயகன்ற வாணலியை எடுங்கள். எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் தாளித்து, சின்ன வெங்காயம் கண்ணாடிப் பதத்துக்கு வந்ததும் கீரையைப் பகுதி பகுதியாகப் போடுங்கள். முதல் பிடி அடங்கிய பிறகே அடுத்த பிடி. தீ நன்றாக எரியட்டும். சிறிது நேரத்தில் வாணலியின் ஓரத்தில் நீர் ஊறி நிற்கும். இங்கேதான் புதியவர்கள் பயந்துபோய் மூடியையோ வடிதட்டையோ தேடுகிறார்கள். ஒன்றும் செய்ய வேண்டாம். உப்பைப் போட்டுக் கிளறிக்கொண்டிருங்கள். கரண்டியால் கீரையை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பார்த்தால், காலியான இடத்துக்கு நீர் ஓடிவந்து சேரும். அப்படி ஓடிவரும்வரை இன்னும் வேலை இருக்கிறது. ஒதுக்கிய இடம் காய்ந்தபடியே நின்று, கொதிக்கும் ஓசை அடங்கி, எண்ணெய் சிடுசிடுக்கும் ஓசை கேட்கத் தொடங்கினால் பதம் வந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுத் தேங்காய்த் துருவலைத் தூவிப் புரட்டினால் போதும். இளங்கீரை என்றால் இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

கடைவதற்கும் கூட்டுக்கும் தண்ணீர் வேண்டும்தான். அங்கும் கீரையில் பாதி உயரத்துக்கு மேல் வேண்டாம். வெந்த பிறகு நீர் மிஞ்சினால் அதைத் தனியே இறுத்து வைத்து, கடையும்போது வேண்டிய மட்டும் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். அப்போதும் மிஞ்சினால் ரசத்தில் ஊற்றுங்கள்.

வடிப்பதற்கு நியாயமான காரணம் ஒன்றே ஒன்று உண்டு. பல கீரைகளில், குறிப்பாகப் பாலக்கில், ஆக்சலேட் மிகுதி. ஆக்சலேட்டால் சிறுநீரகக் கல் உண்டான ஒருவர் வீட்டில் இருந்து, மருத்துவரும் சொல்லியிருந்தால், கொதிக்கவைத்து வடிப்பதன்மூலம் அதன் அளவைக் குறைக்கலாம். சுவை போகும் என்று தெரிந்தே செய்வது அது.

நறுக்கிய பிறகு கழுவுவது

கழுவி நறுக்குங்கள்.

எல்லாக் கீரைக்கும் ஒரே முறை

மேலே தண்ணீரே வேண்டாம் என்று சொன்னதை முருங்கைக்கீரையிடம் காட்டினால் தீய்ந்துவிடும். அதில் நீரின் அளவு 80 சதவீதத்துக்கும் குறைவு. அதனால் அதற்கு மட்டும் ஒரு கை தண்ணீர் தெளித்து, மிதமான தீயில் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். உருவும்போது கீரையோடு வரும் மெல்லிய காம்புகளைச் சோம்பல்படாமல் பொறுக்கிவிடுங்கள். எவ்வளவு வேகவைத்தாலும் அவை பல்லில் சிக்கும். அகத்திக்கீரையின் கசப்பை எதிர்த்துப் போராடிப் பயனில்லை. பொடியாக நறுக்கி, வெங்காயமும் தேங்காயும் தாராளமாகச் சேர்த்தால் கசப்பு அளவாக நிற்கும். புளிச்சகீரையை அலுமினியப் பாத்திரத்திலோ இரும்புச் சட்டியிலோ வைக்காதீர்கள். அதன் புளிப்பு உலோகத்தை அரித்துச் சுவையையும் நிறத்தையும் கெடுத்துவிடும். மண்சட்டியோ எவர்சில்வரோ போதும்.

தண்டுக்கீரை வாங்கி இலையை மட்டும் உருவிக்கொண்டு தண்டைக் குப்பையில் போடுகிறவர்களைப் பார்த்தால், வாங்கிய எடையில் பாதியை வீசுகிறார்களே என்று வயிறு எரிகிறது. இளந்தண்டை நார் உரித்து விரற்கடை நீளத்துக்கு நறுக்கி, பாசிப்பருப்போடு சேர்த்தால் அதுவே இன்னொரு வேளைக்குக் கூட்டு. பொரியலிலேயே போடுவதென்றால், தண்டு முதலில் வதங்கட்டும். இலை பிறகு வரட்டும்.

புளியையும் தக்காளியையும் முதலில் சேர்ப்பது

புளிக்கீரை கடைகிறவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அடுப்பில் ஏற்றிவிடுகிறார்கள். புளிப்பு இருக்கும் இடத்தில் தண்டும் நரம்பும் எளிதில் குழையாது. நிறமும் உடனே கறுத்துவிடும். முன்பு சொன்ன அதே மக்னீசியக் கதைதான், இங்கே அமிலத்தை நாமே கொண்டுவந்து ஊற்றுகிறோம். கீரை வெந்து மசிகிற பதத்துக்கு வந்த பிறகு புளிக்கரைசலைச் சேர்த்து, பச்சை வாசனை போக ஒரு கொதி விட்டால் போதும். தக்காளியைத் தனியே வதக்கிச் சேர்ப்பது இன்னும் நல்லது. எலுமிச்சை பிழிவதென்றால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே. அதன் வைட்டமின் சி சிதையாமல் இருந்தால், கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள அது உதவும்.

நிறத்துக்காகச் சோடா உப்பு

பச்சை நிற்கும், இலை கூழாகும், பி1 வைட்டமின் அழியும். வேண்டாம்.

மிக்ஸியில் அரைத்து “கடைந்தது” என்பது

கடைந்த கீரையில் இலையின் துணுக்குகள் நாக்கில் தட்டுப்பட வேண்டும். மிக்ஸியை ஓடவிட்டால் அரை நிமிடத்தில் பசைபோலாகி, சோற்றோடு பிசையும்போது வழுவழுவென்று இழுக்கும். குழந்தைகள் கீரையை ஒதுக்குவதற்கு இந்த வழவழப்பும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். மத்து இருந்தால் மத்தால் கடையுங்கள். இல்லாவிட்டால் கீரையை ஆறவைத்து, மிக்ஸியை விட்டு விட்டு இரண்டு சுற்று மட்டும் ஓட்டி நிறுத்துங்கள்.

ஈரத்தோடு எடுத்து வைப்பது

கட்டுப் பிரிக்காத ஈரக் கீரை பாலித்தீன் பைக்குள் ஒரே இரவில் அழுகத் தொடங்கும். கட்டைப் பிரித்து, வேரை நறுக்கி, கழுவாமல் பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். நேரம் மிச்சமாகும் என்று முதல் நாளே பொடியாக நறுக்கி வைத்தால், வெட்டிய விளிம்புகள் கறுக்கும், வைட்டமின் சி-யும் குறைந்துகொண்டே போகும். ஆய்ந்து மட்டும் வையுங்கள். நறுக்குவதை அடுப்பு பற்றவைக்கும் நேரத்துக்குத் தள்ளுங்கள்.

சமைத்ததை மாலைவரை வெளியே விடுவது

தேங்காய் சேர்த்த கீரை வெயில் காலத்தில் சில மணி நேரத்திலேயே ஊசிப்போகும். மிஞ்சும் என்று முன்கூட்டியே தெரிந்தால், தேங்காய் தூவுவதற்கு முன்பே அந்தப் பங்கைத் தனியே எடுத்து, சூடு தணிந்ததும் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் வாணலியில் ஆவி பறக்கச் சூடாக்கி, அப்போது துருவிய தேங்காயைச் சேர்த்துக்கொள்ளலாம்.