மொட்டை மாடியிலிருந்து அயனி மண்டலக் கொந்தளிப்பைப் பதிவு செய்வது எப்படி?

அலாஸ்காவின் ககோனாவில் உள்ள ஹார்ப் (HAARP) என்னும் அயனி மண்டல ஆய்வு நிலையம், 180 ஆன்டெனாக்கள் வழியே 3,600 கிலோவாட் வரையிலான ரேடியோ அலையை, மின்னூட்டம் பெற்ற வாயுவான பிளாஸ்மா பரவியிருக்கும் மேல்வானுக்கு, அதாவது அயனி மண்டலத்துக்கு, அனுப்புகிறது. அலையின் அதிர்வெண்ணும் பிளாஸ்மாவின் இயல்பு அதிர்வெண்ணும் ஒன்றாகும் உயரத்தில் அந்த அலை லாங்மியூர் அலைகளாகவும் (எலக்ட்ரான்களின் அதிர்வு) அயனி ஒலியலைகளாகவும் (அயனிகளின் அடர்த்தி அலை) சிதைகிறது. எலக்ட்ரான்கள் சூடேறி, புவிக் காந்தக் கோடுகளை ஒட்டி அடர்த்தி இழையிழையாகக் கலைந்துபோகிறது.

புவிக் காந்தப்புலம் கிடையாக இருக்கும் காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கமாகச் செல்வதால், பொழுது சாய்ந்தபின் கொங்கு வானில் பிளாஸ்மாவை இயற்கையே கலக்குகிறது. காரணம் மட்டும் வேறு: அடர்ந்த அடுக்குக்கு அடியில் சிக்கிய மெல்லிய பிளாஸ்மா குமிழியாக மேலேறுகிறது.

இந்தக் குமிழிகளின் வழியே வரும் செயற்கைக்கோள் சமிக்ஞையின் வலிமை ஏறியிறங்கும். அதைப் பதிவு செய்ய, எல்1, எல்5 என்னும் ஜிபிஎஸ் அலைவரிசைகள் இரண்டையும் பெறும் கைபேசியும், ஜிஎன்எஸ்எஸ் (ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்புகளின் பொதுப்பெயர்) லாகர் போன்றதொரு செயலியும் போதும். மின்சிக்கனத்துக்காகக் கைபேசி அளவீட்டை இடையிடையே நிறுத்தும் என்பதால், டெவலப்பர் அமைப்பில் முழு ஜிஎன்எஸ்எஸ் அளவீட்டை இயக்கிவிட வேண்டும். மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இரவு 7:30 முதல் நள்ளிரவு வரை பதிவு செய்யலாம். சூரியன் அடங்கியிருக்கும் ஆண்டுகளில் பெரும்பாலும் நேர்கோடுதான் கிடைக்கும். பொள்ளாச்சித் தோப்புக்குள் கைபேசியை வைத்துவிட்டு வானத்தைக் குறை சொல்லக் கூடாது. ஆடும் தென்னை மட்டையும் சமிக்ஞையை ஆட்டும்.

உண்மையான கொந்தளிப்பைப் பிரித்தறிவதுதான் இதில் கடினமான பகுதி. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் நாள்தோறும் ஏறத்தாழ 4 நிமிடம் முன்னதாக, முந்தைய நாள் சென்ற வழியிலேயே கடந்து செல்வதால், தண்ணீர்த் தொட்டியிலும் தகரக் கூரையிலும் பட்டுத் திரும்பும் அலையால் வரும் ஆட்டம் மறுநாளும் அப்படியே வரும். குமிழியால் வருவது அவ்வாறு வராது. கொந்தளிப்பில், 1176.45 மெகாஹெர்ட்ஸில் வரும் எல்5, 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் எல்1-ஐவிடக் கூடுதலாகத் தடுமாறும். குமிழிகள் வினாடிக்கு 100 மீட்டர் அளவில் கிழக்கே நகர்வதால், ஒரே குமிழி மேற்கு வானத்துச் செயற்கைக்கோளை முதலில் கலைத்து, பிறகு தலைக்கு மேலுள்ளதைக் கலைக்கும். அடிவானிலிருந்து 30 பாகைக்குக் கீழே உள்ளவற்றை விட்டுவிடுவது நல்லது.

செயலி பதிந்த சமிக்ஞை வலிமையின் டெசிபெல் அளவுகளைத் திறன் விகிதமாக மாற்றி, 60 வினாடிகளின் திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்தால், சமிக்ஞை எவ்வளவு தடுமாறுகிறது என்பதைக் காட்டும் எஸ்4 குறியீடு கிடைக்கும். 0.2-க்குக் கீழ் இருந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை, 0.5-ஐத் தாண்டினால் செயற்கைக்கோள் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, மறுநாள் 4 நிமிடம் முன்னதாக அதையே மீண்டும் பதிவு செய்யுங்கள்.