துப்பாக்கி ரெயிலில் ஸ்கோப்பும் லைட்டும் மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேற்று வரை ஒரே இடத்தில் குவிந்த குண்டுகள் இன்று இலக்கட்டை முழுக்கச் சிதறுகின்றன. உடனே தோட்டா சரியில்லை என்கிறோம். அப்புறம் ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, கெட்டுவிட்டது என்கிறோம். கடைசியில் நம் கையையே சந்தேகப்படுகிறோம். துப்பாக்கியில் துணைப்பொருட்களை மாட்டும் பட்டையான ரெயிலும், ஸ்கோப்பை அதில் பிடித்து நிறுத்தும் மவுன்ட்டும் சேரும் இடத்தை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பயிற்சித் தளத்தில் மற்றவர்களின் ரைஃபிள்களைச் சரிபார்த்துக் கொடுத்துப் பழகிய எனக்கு, முதலில் கை போகும் இடம் அதுதான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஸ்கோப்பைத் தாங்கும் இரண்டு ரிங்குகளுக்கு நடுவே 100 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு ரிங் 0.1 மில்லிமீட்டர் விலகுகிறது. சாதாரண எழுதும் தாளின் தடிமன் அவ்வளவுதான். 100 மீட்டர் தூரத்தில் அந்த விலகல் 10 சென்டிமீட்டராகப் பெருகிவிடும். ஒரு தாள் தடிமனில் இலக்கின் நடுப்புள்ளி கையைவிட்டுப் போய்விடுகிறது. ரெயிலில் ஒரு பொருள் பொருந்துவது வேறு, சரியாக அமர்வது வேறு என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

எதைத் தொடுவதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. மேகசினைக் கழற்றுங்கள், போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் அறையான சேம்பருக்குள் கண்ணால் பாருங்கள், விரலையும் விட்டுப் பாருங்கள். தோட்டாக்களை வேலை செய்யும் மேசையிலேயே வைக்காதீர்கள். ஆலன் கீயோடு குனிந்து வேலை பார்க்கும்போது குழலின் முனை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது நம் நினைவில் இருக்காது.

பார்க்க ஒன்றுபோல் இருக்கும் இரண்டு ரெயில்கள்

அதிகம் பேர் சறுக்குவது பிக்காட்டினியும் வீவரும் ஒன்றுதான் என்று நினைத்து. இரண்டிலும் பக்கவாட்டில் சரிவான விளிம்புகள், மேலே குறுக்குக் காடிகள். தூரத்தில் இருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. பிக்காட்டினி 1995 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவத் தரமாக, மில்-ஸ்டாண்டர்ட் 1913 என்ற பெயரில் எழுதி வைக்கப்பட்டது. அதில் காடியின் அகலம் 5.23 மி.மீ., ஒரு காடியின் மையத்தில் இருந்து அடுத்ததன் மையம் வரை 10.01 மி.மீ., ஆழம் 3 மி.மீ. எந்த நிறுவனம் செய்தாலும் இதுதான் அளவு. வீவர் அதற்குப் பல பத்தாண்டுகள் மூத்தது. அதன் காடி 4.57 மி.மீ.தான். காடிகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பதற்கு ஒரே விதியும் கிடையாது.

இதனால் வீவருக்குச் செய்த ரிங் பிக்காட்டினி ரெயிலில் பெரும்பாலும் இறங்கிவிடும். பிக்காட்டினிக்குச் செய்த மவுன்ட் வீவரில் இறங்காது, ஏனென்றால் காடிக்குள் இறங்கவேண்டிய அதன் குறுக்குக் கட்டை காடியைவிடத் தடிமனானது. இறங்காதபோது சிலர் அரத்தை எடுத்து அந்தக் கட்டையைத் தேய்க்கிறார்கள். இன்னும் சிலர் ரெயிலையே ராவுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பின்னுதைப்பின் முழு விசையையும் தாங்குவது அந்தக் கட்டையும் காடியின் சுவரும்தான். கையால் ராவிய முகம் சமமாக இருக்காது. எங்கோ ஒரு புள்ளியில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், சுடச்சுட அந்தப் புள்ளி நசுங்கும், மவுன்ட் மெல்ல நகரும். சரியான மவுன்ட்டை வாங்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

2009-ல் நேட்டோ கொண்டுவந்த ஸ்டானாக் 4694 ரெயிலும் உண்டு. பழைய பிக்காட்டினி பொருட்கள் அதிலும் மாட்டும் என்பதால் இதில் குழப்பம் குறைவு. ஒரு நல்ல மாற்றம் செய்தார்கள்: மவுன்ட் ரெயிலின் மேல்முகத்தில் உட்கார்ந்து நிற்கவேண்டும் என்று வகுத்தார்கள். கழற்றி மாட்டினாலும் பழைய இடத்துக்கே திரும்பி வருவதற்கு அது உதவுகிறது.

முன்னால் தள்ளிவிட்டு முறுக்குங்கள்

காடிக்கும் குறுக்குக் கட்டைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி எப்போதும் இருக்கும். வீவர் ரிங்கைப் பிக்காட்டினியில் மாட்டினால் அந்த இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் மேல். கட்டை காடியின் நடுவில் அந்தரத்தில் நிற்கும்போதே திருகை முறுக்கிவிட்டால், மவுன்ட்டைப் பிடித்து வைத்திருப்பது பக்கவாட்டு உராய்வு மட்டும்தான். சுட்டவுடன் துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. ஸ்கோப் தன் எடையால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. அதாவது ரெயிலில் இருந்து பார்த்தால் ஸ்கோப் முன்னோக்கி, குழல் முனையை நோக்கி ஓடுகிறது. கட்டை போய் காடியின் முன்சுவரில் முட்டும்வரை ஓட்டம் நிற்காது.

அந்த ஓட்டத்தை நாமே முன்கூட்டி முடித்து வைக்கலாம். திருகுகளை விரல் இறுக்கத்தில் விடுங்கள். கட்டைவிரலால் மவுன்ட்டைக் குழல் முனைப் பக்கமாக அழுத்தித் தள்ளுங்கள். கட்டை சுவரில் தொடும்போது ஒரு சின்ன 'டக்' கையிலேயே தெரியும். அழுத்தத்தை விடாமல் மறுகையால் திருகுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒன்றை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் மவுன்ட் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும்.

முடிந்ததும் நான் செய்யும் சோதனை ஒன்று. முதலில் சொன்னேனே, அந்தத் தாளில் ஒரு குறுகிய துண்டைக் கிழித்து, கட்டைக்கும் காடியின் முன்சுவருக்கும் நடுவே நுழைக்கப் பாருங்கள். நுழைந்தால் இன்னும் அமரவில்லை. தளர்த்தி, தள்ளி, மறுபடி முறுக்குங்கள். இதற்கு முன்பே ரெயிலையும் மவுன்ட்டின் அடியையும் துணியால் துடைத்து எண்ணெய் இல்லாமல் செய்துவிடுங்கள். காடியின் மூலையில் ஒட்டியிருக்கும் ஒரு மணல் துகள்கூட ஒரு தாள் தடிமனுக்கு வரும்.

டவ்டெயிலும் ஏர் ரைஃபிளும்

தச்சு வேலையில் புறாவால் இணைப்பு என்று சொல்வோமே, அதே வடிவம்தான் டவ்டெயில் ரெயில். ஏர் ரைஃபிள்களிலும் பாயிண்ட் 22 ரைஃபிள்களிலும் இதுதான் அதிகம். 11 மி.மீ. என்று பொதுவாகச் சொன்னாலும், பாயிண்ட் 22-ல் 3/8 அங்குலம், அதாவது 9.5 மி.மீ. காடியும் பரவலாக உண்டு. விளிம்பின் சாய்வுக் கோணமும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். கோணம் ஒத்துப்போகாத ரிங், விளிம்பின் நுனியை மட்டும் கடித்துக்கொண்டு நிற்கும். முறுக்கும்போது நன்றாக இறுகியதுபோலத்தான் தோன்றும்.

டவ்டெயிலில் குறுக்குக் காடி கிடையாது என்பதுதான் உண்மையான சிக்கல். என்னுடைய முதல் ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் ஒரு வாரம் முழுக்க ஜீரோ செய்தேன், அதாவது ஸ்கோப் காட்டும் புள்ளியிலேயே பெல்லட் விழும்படி சரிசெய்து பார்த்தேன். ஒவ்வொரு நாளும் பெல்லட்டுகள் வேறு இடத்தில் விழுந்தன. கடைசியில் ரிங்கைக் கழற்றியபோது, கறுப்புப் பூச்சின்மேல் இரண்டு மில்லிமீட்டர் நீளத்துக்குப் பளபளவென்று ஒரு கீறல். மவுன்ட் அவ்வளவு தூரம் பின்னால் நடந்து வந்திருக்கிறது. ஆம், பின்னால். ஸ்பிரிங் ரைஃபிளில் பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் முன்முனையில் போய் மோதியதும் துப்பாக்கியை முன்னால் இழுக்கும். அந்த இரண்டாவது இழுப்பில்தான் ஸ்கோப் கண்ணை நோக்கி ஊர்ந்து வருகிறது. இதற்குத் திருகை இன்னும் இறுக்குவது மருந்தாகாது. ரெயிலில் சின்னத் துளை இருந்தால் அதில் இறங்கும் ஸ்டாப் பின் (தடுப்பு ஊசி) வைத்த மவுன்ட்டை வாங்குங்கள், துளை இல்லாவிட்டால் பின்பக்கம் தனியாக ஒரு ஸ்டாப் கட்டையை மாட்டுங்கள். ஸ்கோப்பும் ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு உகந்தது என்று தயாரிப்பாளர் சொன்னதாக இருக்கட்டும். ஒரு திசை உதையை மட்டும் கணக்கில் வைத்துச் செய்த ஸ்கோப்பின் உள்பாகங்கள் இந்த இருதிசை ஆட்டத்தில் கழன்றுவிடுவது உண்டு.

கை இறுக்கம் போதுமா?

போதாது. கூடவும் கூடாது. ஸ்கோப்பைச் சுற்றி வரும் ரிங்கின் மேல்திருகுகளுக்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்வது 15 முதல் 20 இன்ச்-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1.7 முதல் 2.3 நியூட்டன் மீட்டர். ரெயிலைக் கவ்வும் பெரிய நட்டுக்குச் சில மவுன்ட்களில் 65 இன்ச்-பவுண்டு வரை கேட்பார்கள். இரண்டுக்கும் ஒரே பலத்தைப் போட்டால் மேலே ஸ்கோப்பின் குழாய் நசுங்கும், இல்லையென்றால் கீழே ரெயில் பிடிப்பு தளர்ந்திருக்கும். நசுங்கிய குழாய்க்குள் லென்ஸ்கள் தடையில்லாமல் நகராது, குறியை நகர்த்தும் குமிழான டர்ரட்டின் கிளிக்குகள் சொன்னபடி கேட்காது. இறுக்கத்தை (டார்க்) அளந்து முறுக்கும் ஒரு சிறிய டார்க் ரெஞ்ச் வாங்குங்கள். இந்த வேலைக்கு நான் வாங்கிய கருவிகளிலேயே அதிகம் பயன்பட்டது அதுதான்.

ரிங்கின் அளவும் குழாயின் அளவும் ஒன்றாக இருக்கவேண்டும். 25.4, 30, 34 மி.மீ. என்று மூன்று அளவுகள் அதிகம் புழக்கத்தில் இருக்கின்றன. இன்சுலேஷன் டேப் சுற்றிப் பெரிய ரிங்கில் சின்னக் குழாயை உட்காரவைக்கும் பழக்கம் வேண்டாம்.

திருகுகள் கழலாமல் இருக்க மரையில் விடும் பசையான லாக்டைட்டில் நீல நிறம் ஒரு சொட்டு போதும், அதுவும் எண்ணெய் துடைத்த மரையில். சிவப்பு நிறத்தைத் தொடாதீர்கள். அதைப் பிரிக்கப் பலத்த சூடு காட்டவேண்டும், அந்தச் சூட்டை ஸ்கோப் தாங்காது. பிளாஸ்டிக் பாகங்களில் எந்த நிறமும் வேண்டாம். சில வகைப் பிளாஸ்டிக் அந்தத் திரவம் பட்டாலே வெடிப்பு விடும்.

ரெயிலையே ரிசீவரில், அதாவது போல்ட் ஓடும் உடற்பகுதியில், பொருத்தும்போது இரண்டு இடங்களில் கவனம் தேவை. முதலாவது, திருகின் நீளம். ரெமிங்டன் 700 போன்ற போல்ட் ரைஃபிள்களில் முன்துளைக்கு உரியது குட்டைத் திருகு. அங்கே நீளமானதைப் போட்டால் உள்ளே போல்ட்டில் போய் முட்டும். ஒவ்வொரு திருகையும் முறுக்கியதும் போல்ட்டை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது, 20 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) சரிவு கொண்ட ரெயிலின் திசை. உயரமான முனை பின்னால், கண் பக்கம் வரவேண்டும். திருப்பி மாட்டினால், கூடவேண்டிய 20 போய், 20 குறைந்து, மொத்தம் 40 எம்ஓஏ வித்தியாசம் வரும். 100 மீட்டரில் அது ஒரு மீட்டருக்கும் அதிகம். டர்ரட்டைக் கடைசி வரை சுற்றியும் ஜீரோ ஆகவில்லையென்று ஸ்கோப்பைத் திருப்பி அனுப்புவதற்கு முன், ரெயிலின் இரண்டு முனைகளையும் அளந்து பாருங்கள்.

ஹேண்ட்கார்டில் நடப்பவை

ரிசீவரின் மேல் ரெயிலும், குழலைச் சுற்றியிருக்கும் முன்கைப்பிடியான ஹேண்ட்கார்டின் மேல் ரெயிலும் தொடர்ந்து ஒரே கோட்டில் வருவதால், ஒரே மவுன்ட்டை இரண்டின்மேலும் பாலம்போல வைத்துவிடுகிறார்கள். ஹேண்ட்கார்டு வளையும். பைபாட் என்ற இருகால் தாங்கியில் சாய்ந்தால் ஒரு பக்கம், கையால் இழுத்துப் பிடித்தால் இன்னொரு பக்கம். அந்த வளைவு அப்படியே ஸ்கோப்பின் குழாய்க்கு ஏறும். ஸ்கோப்பும், சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் குறிக்காட்டியும் முழுக்க ரிசீவரின்மேலேயே இருக்கட்டும். முன்னால் இடம் போதவில்லையென்றால் ஸ்கோப்பை முன்தள்ளித் தாங்கும் கான்டிலீவர் மவுன்ட் கிடைக்கிறது.

ஹேண்ட்கார்டில் உள்ள துளைகளிலேயே பொருட்களை மாட்டும் முறைகள் எம்-லாக்கும் கீமாடும். எம்-லாக்கில் நடக்கும் தவறு கண்ணுக்கு மறைவானது. திருகைச் சுழற்றும்போது உள்ளே இருக்கும் டி வடிவ நட்டு கால்வட்டம் திரும்பி, துளையின் குறுக்கே நிற்கவேண்டும். பாதியில் நின்றுவிட்டாலும் வெளியில் திருகு இறுகியதுபோலவே இருக்கும். பைபாட்டை மாட்டி எடையைப் போட்டதும் பிய்த்துக்கொண்டு வரும். எனவே திருகைப் பின்னால் சற்றுத் தளர்த்தி, நட்டைத் துளைக்குள் இறக்கி, பிறகு முறுக்கி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நட்டு குறுக்கே நிற்பது தெரியவேண்டும். அப்படியே திருகின் முனை குழலில் தொடுகிறதா என்றும் பார்த்துவிடலாம். தொட்டால் ஒவ்வொரு குண்டுக்கும் குழல் வேறு மாதிரி அதிரும். கீமாடில் சாவித்துளைபோன்ற ஓட்டையின் குறுகிய பகுதி குழல் முனைப் பக்கம் இருக்கும். பெரிய வட்டத்தில் இறக்கி, முன்னால் தள்ளி, அப்புறம்தான் முறுக்கவேண்டும். எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் எம்-லாக்கைச் சொல்கிறேன். 2017-ல் வெளிவந்த அமெரிக்கக் கடற்படையின் கிரேன் மையச் சோதனையிலும், கழற்றி மாட்டினால் பழைய இடத்துக்குத் திரும்புவதில் அதுவே முன்னால் நின்றது.

குழலில் இருந்து வாயுவைப் பிரித்தெடுக்கும் கேஸ் பிளாக்கின் மேல் உள்ள ரெயிலில் பிளாஸ்டிக் குறிக்காட்டியை மாட்டாதீர்கள். தொடர்ந்து சுட்டால் அங்கே ஏறும் சூட்டில் அது இளகிச் சாய்ந்துவிடும்.

பிஸ்டலில் லைட்

க்ளாக் பிஸ்டலின் ரெயிலில் ஒரே ஒரு காடிதான். வேறு பல பிஸ்டல்களில் பிக்காட்டினி போலப் பல காடிகள். அதனால்தான் லைட் வாங்கும்போது பெட்டிக்குள் இரண்டு மூன்று சின்ன அடாப்டர் துண்டுகள் வருகின்றன. முதலில் பொருத்தியிருப்பதை மாற்றாமலேயே மாட்டிவிட்டு, லைட் ஆடுகிறதே என்று குறைப்படுகிறோம். உங்கள் பிஸ்டலுக்கு எந்தத் துண்டு என்று கையேட்டைப் பாருங்கள்.

இங்கே என்னைப் பயப்படுத்துவது வேறொன்று. லைட்டை மாட்டும்போதும் கழற்றும்போதும் விரல்கள் குழல் முனைக்கு அருகே, சில மாடல்களில் முனைக்கு நேர் முன்னாலேயே போகின்றன. தோட்டா ஏற்றிய பிஸ்டலில் லைட்டைக் கழற்றுவதைப் பார்த்துப் பாதியில் தடுத்திருக்கிறேன். இரண்டே நொடி வேலை என்றார் அவர். இரண்டு நொடி வேலையானாலும் தோட்டாவை இறக்கிய பிறகுதான். சட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், எந்தத் துணைப்பொருளுக்கு அனுமதி வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

எல்லாம் மாட்டி முடித்ததும், திருகின் தலையில் தொடங்கி மவுன்ட்டின் மேல்வரை நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். திருகு கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து தெரியும். பெரும்பாலான ரெயில்களில் காடிகளுக்கு எண் போட்டிருப்பார்கள், ஸ்கோப் எந்த எண்ணில் நிற்கிறது என்று குறித்து வையுங்கள். கழற்றிச் சுத்தம் செய்தால் அதே எண்ணில், அதே முன்தள்ளலோடு, அதே டார்க்கில் மாட்டுங்கள். முதல் இருபது முப்பது குண்டுகளுக்குப் பிறகு டார்க் ரெஞ்சை மறுபடி ஒருமுறை எடுங்கள். புது மவுன்ட்டில் ஏதாவது ஒரு திருகாவது அப்போது கால் சுற்று கூடுதலாக இறங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.