வாளும் குதிரையும் உள்ள எதிர்காலம்: எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோட்டை, குதிரை, வாள், அரியணைச் சண்டை. ஏதோ ஒரு பழங்கால உலகம் என்று நம்பி வாசித்துக்கொண்டே போகிறோம். பாதி நாவலில்தான் புலப்படுகிறது: இது நம் நாகரிகம் அழிந்து பல நூற்றாண்டுகள் கழிந்த பூமி. நன்றாக எழுதப்பட்டால் இதற்கு ஈடான வாசிப்பு இன்பம் மிகைபுனைவில் அரிது. ஆனால் இதை எழுத முனைகிறவர்களில் பலர், இரகசியம் உடையும் அந்த ஒரு கணத்துக்காகவே முழு நாவலையும் எழுதிவிடுகிறார்கள்.

பெரிய தவறு அதுதான். கடைசி அத்தியாயத்தில் நாயகன் மணலைத் தோண்டுகிறான், உலகப் புகழ்பெற்ற ஒரு கோபுரத்தின் உச்சி தெரிகிறது, அவன் மண்டியிட்டு அழுகிறான். வாசகர் அதிர்வது சரி. அவன் ஏன் அழ வேண்டும்? அந்தக் கோபுரத்தைப் பற்றி அவன் கேள்விப்பட்டதே இல்லை. அவனுக்கு அது இன்னொரு இடிபாடு, அவ்வளவே. நமக்குத் தெரிந்ததற்கும் அவனுக்குத் தெரியாததற்கும் இடையிலுள்ள தூரம்தான் இவ்வகைக் கதையின் உயிர். 1980-ல் வெளிவந்த, அமெரிக்க எழுத்தாளர் ஜீன் வுல்ஃபின் 'தி ஷேடோ ஆஃப் தி டார்ச்சரர்' நாவலில் ஒரு பழைய ஓவியம் வருகிறது. பாழ்நிலத்தில் கவசம் அணிந்து நிற்கும் ஓர் உருவம், விறைத்து நிற்கும் கொடி, கண்ணுக்குத் துளையே இல்லாத பொன் முகமூடி. கதைசொல்லி அதை ஒரு போர்வீரனாகவே பார்க்கிறான். நிலவில் நிற்கும் விண்வெளி வீரர் என்பதை நாமே கண்டுகொள்ள வேண்டியதுதான். விண்வெளி வீரர் என்று வுல்ஃப் எங்கும் பெயரிட்டுச் சொல்வதில்லை. அந்த நம்பிக்கையை வாசகர்மீது வைக்கத் தெரியாதவர் இந்த வகையைத் தொடாமல் இருப்பது நல்லது.

அடுத்த தவறு, இடிபாடுகளைக் கண்ட பாத்திரங்கள் 'முன்னோரின் மர்மம்' என்று சொல்லி வாய்பிளந்து நிற்பது. மனிதர்கள் அப்படி நிற்பதில்லை. விளக்கம் இல்லாவிட்டால் உருவாக்கிக்கொள்வார்கள். பண்டைய கிரேக்க நகரான மைசீனியின் பிரம்மாண்டக் கற்சுவர்களைப் பிற்காலக் கிரேக்கர்கள் ஒற்றைக்கண் அரக்கர்கள் கட்டியவை என்றார்கள். 14-ஆம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக் டெல்லிக்குக் கொண்டுவந்த அசோகர் தூணின் எழுத்துகளை அன்று யாராலும் வாசிக்க முடியவில்லை. அது பீமனின் கைத்தடி என்று மக்கள் சொன்னார்கள். 1837-ல் ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் பிரின்செப் அந்த எழுத்தைப் படித்தறியும்வரை அசோகரின் சொற்கள் அங்கேயே ஊமையாக நின்றன. உங்கள் உலகின் இடிந்த அணைக்கும் மேம்பாலத்துக்கும் இப்படி ஒரு கதை வேண்டும்: தவறானது, ஆனால் சொல்கிறவர் உறுதியாக நம்புவது.

காலக்கணக்கில்தான் பிழைகள் மலிந்து கிடக்கின்றன. மூவாயிரம் ஆண்டுகள் என்று எழுதிவிட்டு, கண்ணாடி பதித்த வானுயர் கட்டடங்களை நிறுத்திவைக்கிறார்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டையே பிளந்துவிடும். பராமரிப்பு இல்லாமல் அவை சில நூற்றாண்டுகள் நின்றாலே வியப்பு. சேமித்த பெட்ரோல் சில மாதங்களிலேயே கெடத் தொடங்கும். பீங்கான், கண்ணாடித் துண்டு, தங்கம், மலையைக் குடைந்த சுரங்கப்பாதை ஆகியவை நீடிக்கும். கதிர்வீச்சுக்கும் கணக்கு உண்டு. சீசியம்-137-இன் அரை ஆயுள், அதாவது அதன் கதிர்வீச்சு பாதியாகக் குறையும் காலம், சுமார் 30 ஆண்டுகள், புளூட்டோனியம்-239-க்கோ சுமார் 24,000. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு நிலம் ஆட்களைக் கொல்கிறது என்றால், எதனால் என்பது எழுதுகிறவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். வானத்தைப் பலர் மறந்தே விடுகிறார்கள். பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால், இன்னும் சுமார் 12,000 ஆண்டுகளில் வட துருவத்துக்கு அருகே இருக்கும் பிரகாசமான விண்மீன் வேகா. 'வடக்கைக் காட்டும் நீல விண்மீன்' என்று ஒரு மாலுமி போகிற போக்கில் சொன்னால் போதும், காலம் முழுவதும் அந்த வரியில் வந்துவிடும்.

இவ்வளவு காலம் கழித்தும் உலகம் ஏன் இன்னும் வாளோடு இருக்கிறது? இதற்குக் காரணம் வைக்காமல் விடுவதும் குறைதான். வெடிமருந்துக்குத் தேவை வெடியுப்பு, கந்தகம், கரி மட்டுமே; அச்சுக் கலையும் மீண்டும் கண்டுபிடிக்க முடியாத ஒன்றல்ல. எளிதில் கிடைக்கும் நிலக்கரியையும் எண்ணெயையும் நாம் ஏற்கெனவே தோண்டி எரித்துவிட்டோம் என்பது வலுவான காரணம். உலோகம் மட்டும் குப்பையாக எங்கும் கிடைக்கும். அலுமினியத்தைத் தாதுவிலிருந்து பெருமளவில் பிரிக்க மின்சாரம் வேண்டும். கிடைத்ததை உருக்க 660 டிகிரி செல்சியஸ் போதும், ஒரு கொல்லனின் உலையே அதைத் தாண்டும். ஆகவே ஏழை உழவன் வீட்டில் எடை குறைந்த வெள்ளிநிறப் பாத்திரம் இருந்தால், அதுவே முதல் அத்தியாயத்துக்கான நேர்மையான தடயம்.

பழைய இயந்திரம் ஒன்று திடீரென உயிர்பெற்று, நம் காலத்து மொழியில் வரலாறு முழுவதையும் ஒப்பிப்பதை அறவே விட்டுவிடுங்கள். அத்தனை நூற்றாண்டுகள் தாண்டிய பிறகு அந்த மொழி நாயகனுக்கு வெறும் ஒலியாகத்தான் கேட்கும்.