ஜெட் எஞ்சினுக்குள் போகக் கூடாதவை: புதியவர்கள் விடும் பிழைகள்

பண்டாரவளையில் என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் பலருக்குப் போர் விமானப் பராமரிப்பு வேலைக்குப் போக ஆசை. ஒவ்வொரு வருடமும் வருகிறவர்கள், நாங்கள் பழகிய காலத்தில் விட்ட அதே பிழைகளை விடுகிறார்கள். ஓடும் எஞ்சினுக்கு முன்னால் நிற்காதே, பொக்கெட்டில் சில்லறை வைக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல வருவது மற்றப் பிழைகளை.

கருவிகளை எண்ணாமல் கையெழுத்துப் போடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. வேலை முடிந்ததும் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு கருவியும் அதனதன் குழியில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்து. நம் பிள்ளைகளோ மூடியைச் சாத்திவிட்டு "எல்லாம் இருக்கு சேர்" என்கிறார்கள். அப்படிச் சொன்ன ஒரு தம்பியைப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். 10 மில்லிமீட்டர் சொக்கெட்டின் குழி காலி. பயிற்சிக்கு வைத்திருக்கும் பழைய எஞ்சினின் வாய்க்குள், முதல் வரிசை பிளேட்டுகளுக்கு அடியில் கிடந்தது அது. "காலையில எண்ணினேன் சேர்" என்றான்.

2023 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனாவில், லூக் விமானப்படைத் தளத்தில் நடந்ததும் இதுதான். எஃப்-35 போர் விமானம் ஒன்றில் வேலை முடித்து எஞ்சினைத் தரையில் ஓட்டிப் பார்த்தார்கள். காற்று நுழையும் வாயில் ஒரு கை டோர்ச் மறந்துபோய்க் கிடந்தது. எஞ்சின் அதை இழுத்துக்கொண்டது. சேதம் கிட்டத்தட்ட 40 லட்சம் டொலர். ஓட்டுமுன் கருவிகளைச் சரிபார்க்கவில்லை என்று விசாரணையில் தெரிந்தது.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு கிலோ குறைத்து எழுதினால் உங்கள் அம்மா சும்மா விடுவாரா? அதே கண்டிப்பு இங்கேயும் வேண்டும்.

அப்புறம், ஒன்று குறைந்தால் யாருக்கும் தெரியாமல் தனியாகத் தேடாதீர்கள். உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். கிடைக்கும்வரை விமானம் நிற்கட்டும். சொல்ல வந்தவனைத் திட்டும் மேற்பார்வையாளரும் பிழை செய்கிறார். அடுத்தவன் வாய் திறக்க மாட்டான்.

சின்ன வெட்டுத்தானே என்று விடுவது

கொம்பிரசர், அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் பகுதி. அதன் பிளேட்டின் முன் விளிம்பில் ஒரு சிறு கல் பட்டாலே வெட்டு விழும். பிளேட் தாங்கும் விசை (தகைப்பு) அந்த இடத்தில் குவியும். அதிர்வில் விரிசல் வளர்ந்து பிளேட் முறிந்தால், துண்டு பின்னாலுள்ள வரிசைகளையும் நொறுக்கிக்கொண்டு போகும். சிறிய வெட்டுகளை அரம் போட்டுத் தேய்த்து வழுவழுப்பாக்கலாம். எவ்வளவுவரை அனுமதி என்பது அந்த எஞ்சினின் கைநூலில் இருக்கிறது. அளந்து பாருங்கள்.

சப்பாத்தின் அடி

தோட்டத்துப் பாதையில் நடந்தால் அடிப்பள்ளங்களில் சரளை சிக்கும். கழற்றித் திருப்பிப் பார்த்து, குச்சியால் கிண்டி எடுத்துவிட்டு உள்ளே வாருங்கள். சரளை உள்ளே போகாமலிருக்க, மிக்-29 போர் விமானம் தரையில் ஓடும்போது கீழ் வாயை மூடி, மேற்பக்கத் திறப்புகளால் காற்றெடுக்கும். எஃப்-16இன் வாயோ தாழ்வாக, திறந்தபடியே இருக்கிறது; தரையில் விழுந்த சரளையை அது இழுத்துக்கொள்ளலாம்.

லொக் வயர்

போல்ட் கழலாமல் முறுக்கிக் கட்டும் மெல்லிய கம்பி இது. நுனியை வெட்டும்போதே துண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்; தெறித்து எஞ்சினுக்குள் விழக் கூடாது.

காந்தத்தை மட்டும் நம்புவது

தரையில் விழுந்த உலோகத் துண்டுகளைக் காந்தத்தால் பொறுக்கினால் போதாது. அலுமினிய ரிவெட்டும் டைட்டேனியம் போல்ட்டும் அதில் ஒட்டாது. வரிசையாக நடந்து, குனிந்து பொறுக்குங்கள்.